வேளாங்கண்ணி மீண்டது, மீட்டவர்கள் மீண்டார்களா?

ஆகஸ்ட் 29-ஆம் தேதி கொடியேறி செப்டம்பர் 8-ஆம் தேதி கொடி இறங்கும் வேளாங்கண்ணி மாதா பெருவிழாவுக்கு மறுநாள் காலையை யாரும் படம் எடுப்பதில்லை. முந்தின நாள் வரை லட்சக்கணக்கானோர் நடந்த தெருக்களில் தண்ணீர் பாட்டில்கள், சாப்பாட்டுப் பொட்டலங்கள், மெழுகு உறைந்த மணல், கடற்கரை நெடுக மனிதக் கழிவு. பேருந்துகளும் ரயில்களும் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விட்ட பிறகு, ஊரை மறுபடியும் ஊராக்க விளக்குமாறும் கூடையுமாக ஒரு கூட்டம் இறங்குகிறது. உள்ளூர்ப் பணியாளர்கள் போதாமல் வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வரவழைக்கப்படுவது வழக்கம். அவர்களில் பெரும்பாலோர் எந்தக் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள் என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த விழா முடிந்து ஆறேழு வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கடற்கரை மக்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள் வரும். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் பேரிடர்களால் அடுத்தடுத்து அடிபட்ட வேளாங்கண்ணி ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றது. எழுந்தவர்கள் யார், எழுப்பியவர்கள் யார்?

அடி மேல் அடி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்கள் ஊர் நிறைய இருந்த காலை வேளையில் ஆழிப்பேரலை வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. வேளாங்கண்ணியில் பல நூறு பேர் மாண்டார்கள். கடற்கரைக் கடைகள் இருந்த இடம் தெரியாமல் போயின. இறந்தவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள் என்பதால் அடையாளம் காணப்படாமலேயே புதைக்கப்பட்டார்கள்.

2008 நவம்பர் இறுதியில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை ஏறியது. கூரைகள் பறந்தன, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதன் காயம் ஆறுவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பெருவிழா பக்தர்கள் இன்றியே நடந்தது. சுவர் ஒன்றும் இடியவில்லை. ஆனால் கூட்டத்தை நம்பி வாழும் ஊரில் கூட்டம் வராமல் போவதைவிடப் பெரிய இடிபாடு வேறில்லை.

இத்தனைக்குப் பிறகும் வேளாங்கண்ணி மீண்டது உண்மை. அது சிறிய சாதனை அல்ல. சுனாமிக்குப் பின் யாத்ரீகர்கள் திரும்பி வந்தார்கள். 2010 இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் பாதை வந்தது. மத்திய அரசின் யாத்திரைத் தலங்களுக்கான பிரசாத் திட்டத்தில் தமிழகத்திலிருந்து காஞ்சிபுரத்தோடு வேளாங்கண்ணியும் இடம்பெற்றது. 2015-இல் பாரம்பரிய நகரங்களுக்காக 500 கோடி ரூபாயில் தொடங்கிய ஹிருதய் திட்டத்தின் 12 நகரங்களிலும் வேளாங்கண்ணி உண்டு. சாலை, விளக்கு, நடைபாதை, வடிகால் என்று பணம் கட்டமைப்புக்கு வந்தது. கொரோனா ஓய்ந்த பிறகு 2022-இல் பெருவிழாக் கூட்டம் மறுபடியும் பொங்கியது.

ஒரு சுற்றுலா நகரம் மீண்டுவிட்டது என்று சொல்ல அதிகாரிகளும் வணிகர்களும் பார்ப்பது இவற்றைத்தான்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை அறைகள் நிரம்பின, எத்தனை சிறப்பு ரயில்கள் ஓடின. இந்த அளவுகோலில் குறையில்லை. இதில் காணாத சிலரைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் வந்தவர்கள்

சுனாமிக்கு அடுத்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அழுகத் தொடங்கிய உடல்களை இடிபாடுகளிலிருந்தும் முள்புதர்களிலிருந்தும் எடுக்க வேண்டியிருந்தது. சொந்தக்காரர்களே அருகில் போகத் தயங்கிய நேரம். தமிழகத்தின் வேறு நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் நாகைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் பலர் வேலை செய்ததை அன்றைய செய்திகள் பதிவு செய்தன. ஊர் மறுபடியும் ஊராக முடிந்ததென்றால் அதற்கு முதல் கை கொடுத்தவர்கள் அவர்கள்.

அதே நாட்களில் நிவாரண முகாம்களில் வேறொன்று நடந்தது. பொது முகாம்களில் தலித் குடும்பங்களுக்கு இடம் மறுக்கப்பட்டதையும், பொதுத் தண்ணீர்த் தொட்டியைத் தொட விடாததையும், நிவாரணப் பொருட்கள் அவர்கள் இருந்த இடத்துக்கு வந்து சேராததையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. இறந்த உடலைத் தூக்கும் கை தேவைப்பட்டது. அதே கை ஒரு குடம் தண்ணீரைத் தொடுவது பொறுக்கப்படவில்லை.

இது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று சிலர் சொல்லக்கூடும். முகாம் வாசலில் வெளிப்படையாக விரட்டுவது இன்று குறைந்திருக்கலாம். ஆனால், வேலைப் பங்கீடு மாறியிருக்கிறதா? புயல் ஓய்ந்ததும் விடுதிகள் உடனே திறக்கப்பட வேண்டும் என்ற அவசரம் வரும். வெள்ளம் புகுந்த கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழியும். அதில் இறங்க யாரைக் கூப்பிடுவார்கள்? மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் இருந்தும் சாவுகள் நின்றபாடில்லை. பேரிடருக்குப் பிந்தைய அவசரம் இந்தச் சட்டத்தை மறக்க வைக்கும் மிக வசதியான சாக்கு.

இழப்பை அளக்கும் கோல்

இப்போது நிவாரணக் கணக்குக்கு வருவோம். ஒரு பேரிடர் முடிந்ததும் வருவாய்த் துறை சேதக் கணக்கெடுப்பு நடத்துகிறது. கணக்கில் ஏறுபவை: உயிரிழப்பு, வீடு, பயிர், கால்நடை, படகு, வலை, கைத்தறி மற்றும் கைவினைக் கருவிகள். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய அரசு வகுத்திருக்கும் விதிகளின் தலைப்புகளும் ஏறக்குறைய இவைதான். சுற்றுலா ஊரில் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கு, தரைக்கடை விரிப்பவருக்கு, விடுதியில் அறை துடைப்பவருக்கு அந்தப் பட்டியலில் தனித் தலைப்பு கிடையாது.

கஜாவின்போது மாநில அரசு அறிவித்த நிவாரணத்தைப் பாருங்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய். பல ஆண்டு வளர்ப்பை இழந்த விவசாயிக்கு அது போதவே போதாது. அவர்களுடைய கோபம் நியாயமானது. அதே வேளையில், மாதந்தோறும் அந்த மரத்தில் ஏறித் தேங்காய் பறித்தவருக்கும், கீற்று முடைந்தவருக்கும் என்ன கிடைத்தது? விழுந்த மரத்துக்கு ஒரு விலை இருந்தது. அதில் ஏறி இறங்கிய கூலிக்கு விலை இல்லை.

முழுவதும் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 4,100 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அது வீட்டுக்கான தொகை, வேலைக்கானது அல்ல.

விதிகளில் ஒரு சிறு கதவு திறந்திருந்தது. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவித்தொகை தரலாம் என்ற பிரிவு அது. 2015-20 காலத்து விதிகளின்படி பெரியவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய். 2022-26 காலத்து விதிகளில் இது ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியோடு இணைக்கப்பட்டு, ஒரு குடும்பத்தில் இரண்டு பெரியவர்கள் வரை என்று மாற்றப்பட்டது. இது நல்ல முன்னேற்றம். ஆனால், இந்தக் குடும்பத்தின் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டது என்று அரசு சான்று அளிக்க வேண்டும். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத ஒருவர் விடுதியில் வேலை பார்த்தார் என்பதற்குச் சான்று எது? சம்பளச் சீட்டு இல்லை, வருகைப் பதிவு இல்லை, அடையாள அட்டை இல்லை. விடுதி மேலாளர் எழுதித் தருவாரா?

பிரச்சினையின் வேர் இங்குதான் இருக்கிறது. உடைமையைக் கொண்டு இழப்பை அளக்கும் ஏற்பாட்டில், உடைமையே இல்லாமல் வைக்கப்பட்டவர்கள் எதையும் இழக்காதவர்களாகிவிடுகிறார்கள். நிலமும் கடையும் படகும் தலைமுறைகளாக யாருக்கு மறுக்கப்பட்டதோ, அவர்களே நிவாரணப் பட்டியலிலும் கடைசியில் நிற்கிறார்கள். எந்த அதிகாரியும் சாதி பார்த்துப் பெயரை அடிக்க வேண்டிய தேவையே இல்லை. படிவமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு பெண் விடுதியில் அறை துடைத்துப் படுக்கை விரிப்பு மாற்றுகிறார். நாள் கூலி 400 ரூபாய். கணவர் கடற்கரையில் தள்ளுவண்டியில் சுண்டல் விற்கிறார். புயலில் குடிசையும் வண்டியும் போய்விடுகின்றன. விடுதி 60 நாட்கள் மூடிக்கிடக்கிறது. பெண்ணின் கூலி இழப்பு மட்டும் 24,000 ரூபாய். வண்டியும் பாத்திரமும் அடுப்பும் மறுபடி வாங்க 20,000 ரூபாய் என்று வையுங்கள். வங்கி கொடுக்காது, தெருவில் வாங்கியாக வேண்டும். நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி என்றால் மாதம் 1,000 ரூபாய். குடிசைக்காக அரசு கொடுத்த 10,000 ரூபாய், பத்து மாத வட்டிக்குச் சரியாகப் போய்விடும். அசல் அப்படியே நிற்கும். கூரை தார்ப்பாயாகவே இருக்கும்.

பத்து மாதத்தில் அடுத்த பெருவிழா வந்துவிடும். அறைகள் நிரம்பும். சுற்றுலா மீண்டது என்று நாமெல்லாம் எழுதுவோம். அந்தப் பெண் மறுபடியும் அதே 400 ரூபாய்க்கு அதே அறையைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆனால், புயலுக்கு முன் இல்லாத கடனோடு. இரண்டு ஆண்டில் கொரோனா போல இன்னொன்று வந்தால், அவர் விழுவது முதலில் விழுந்த இடத்தைவிட ஒரு படி கீழே. பேரிடர்கள் அடுத்தடுத்து வரும் ஊரில் விடுதி முதலாளிக்கும் கடன் உண்டு, நஷ்டம் உண்டு. ஆனால், அடகு வைக்க அவருக்குக் கட்டடம் இருக்கிறது. காப்பீடு எடுக்க வழி இருக்கிறது. கூலிக்காரருக்கு அடகு வைக்க இருப்பது அடுத்த ஆண்டு உழைப்பு மட்டுமே.

கடல் கடந்த ஓர் ஊரின் பாடம்

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. வேளாங்கண்ணியில் கொடியேறும் அதே ஆகஸ்ட் 29 அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு மறக்க முடியாத நாள். 2005-இல் அந்த நாளில்தான் கத்ரீனா புயல் அடித்து, கரைகள் உடைந்து நகரம் மூழ்கியது. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு; 2020-இல் கொரோனா; 2021-இல் மறுபடியும் அதே ஆகஸ்ட் 29-இல் ஐடா புயல். நம்மைப் போலவே திருவிழாவையும் வெளியூர்க் கூட்டத்தையும் நம்பி வாழும் ஊர். நகரை விட்டு வெளியேற வழியில்லாமல் வெள்ளத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள்.

சுற்றுலா அங்கும் மீண்டது. 2004-இல் அந்நகருக்கு வந்தவர்கள் சுமார் 1 கோடியே 1 லட்சம் பேர். 2006-இல் அது 37 லட்சமாக விழுந்தது. 2016-இல் பழைய எண்ணிக்கையையும் தாண்டியது. சுற்றுலாப் பயணிகள் விரும்பும் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு மேட்டில் இருந்ததால் பெரும்பாலும் தப்பியது. புயல் வந்த ஆறே மாதத்தில், 2006 பிப்ரவரியில், அந்நகரின் புகழ்பெற்ற மார்டி கிரா திருவிழா நடந்தது. ஆனால், 2000-இல் நகர மக்கள்தொகையில் 67 விழுக்காடாக இருந்த கறுப்பின மக்கள் 2010-இல் 60 விழுக்காடாகக் குறைந்தார்கள். எண்ணிக்கையில் அது ஒரு லட்சத்துக்கும் மேல். ஏழைகள் வாழ்ந்த நான்கு பெரிய அரசுக் குடியிருப்புகள், சுமார் 4,500 வீடுகள், இடிக்கப்பட 2007 டிசம்பரில் முடிவானது. விழா திரும்பியது, விழாவில் சமைத்தவர்களும் வாசித்தவர்களும் துடைத்தவர்களும் எல்லோரும் திரும்பவில்லை.

நமக்கு வேண்டிய பாடம் அங்கு நடந்த ஒரு வழக்கில் இருக்கிறது. வீடு கட்ட அரசு கொடுத்த உதவித்தொகை, கட்டுமானச் செலவு அல்லது புயலுக்கு முன் அந்த வீட்டின் சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கிடப்பட்டது. கறுப்பின மக்களின் தெருக்களில் வீட்டின் சந்தை மதிப்பு ஏற்கெனவே குறைவு. ஆகவே, ஒரே அளவு வீட்டை ஒரே செலவில் கட்ட வேண்டியிருந்தாலும் அவர்களுக்குக் கிடைத்தது குறைவான தொகை. விதியில் நிறம் என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் விதி நிறம் பார்த்தது. 2008-இல் அவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2011-இல் அரசு உடன்பாட்டுக்கு வந்து, 6.2 கோடி டாலரைக் கூடுதல் உதவியாக ஒதுக்கியது. தாமதமான நீதிதான். ஆனால், கணக்கிடும் முறையையே கேள்விக்கு உட்படுத்தலாம், அதில் வெல்லவும் முடியும் என்பதற்கு அது சாட்சி.

மதம் மாறியும் மாறாதது

வேளாங்கண்ணிக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. இந்த ஊரின் உழைப்பாளிகளில் தலித் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். கல்வியில் மாநில அரசு சில சலுகைகளை நீட்டித்திருந்தாலும், பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இவர்களுக்கு இல்லை. இந்தக் கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது.

பேரிடருக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பாதிக்கப்பட்ட ஆதிதிராவிடர் குடும்பங்கள் எத்தனை என்று நாளை ஒரு கணக்கு எடுத்தாலும், ஒரே காலனியில், ஒரே கூரை பறந்த இரண்டு வீடுகளில் ஒன்று அந்தக் கணக்கில் வரும், மற்றொன்று வராது. பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்பது அவர் கூரையின் கதியைத் தீர்மானிக்கக் கூடாது. ஆகவே, மாவட்ட நிர்வாகம் எடுக்கும் எந்தக் கணக்கெடுப்பும் சான்றிதழை மட்டும் பார்க்காமல், குடியிருப்பைப் பார்க்க வேண்டும்.

சட்டம் நம் கையில்தான் இருக்கிறது

புதிய சட்டம் கேட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சுனாமிக்கு ஓராண்டு கழித்து, 2005 டிசம்பரில் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி, மதம், பால், வம்சாவளி அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரத்தில் வாழ்வாதாரத்தை மீட்பதற்கான உதவியையும் சேர்த்திருக்கிறது. நிவாரணப் பட்டியலில் விடுபட்டவர்கள் மனு எழுதும்போது இந்த இரண்டு பிரிவுகளின் எண்களையும் குறிப்பிட்டு எழுதுங்கள். கருணை கேட்கும் மனுவும் சட்டத்தைச் சுட்டும் மனுவும் ஒரே மேசையில் ஒரே மாதிரி படிக்கப்படுவதில்லை.

சாலையோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது பேரூராட்சிகளுக்கும் பொருந்தும். வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று தர வேண்டும். கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் சிறுபான்மையினருக்கும் உரிய இடம் வேண்டும். இந்த அட்டையின் அருமை கொரோனா காலத்தில் தெரிந்தது. 2020 ஜூனில் மத்திய அரசு அறிவித்த 10,000 ரூபாய் சாலையோர வியாபாரிகள் கடனுக்கு இந்த அட்டை, அல்லது உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. அட்டை இருந்தவர் வங்கிக்குப் போனார். இல்லாதவர் வட்டிக்காரரிடம் போனார்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

மாவட்ட நிர்வாகமும் பேரூராட்சியும் நினைத்தால் இந்தப் பருவமழைக்கு முன்பே தொடங்கக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பதிவேடு. விடுதித் துப்புரவாளர், சலவை செய்வோர், கழிப்பறைப் பணியாளர், தள்ளுவண்டி மற்றும் தரைக்கடைக்காரர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் என்று சுற்றுலாவை நம்பிய ஒவ்வொருவரின் பெயரையும் குடியிருப்பு வாரியாக எழுதி வைக்க வேண்டும். புயலுக்குப் பின் சான்று தேடுவதைவிடப் புயலுக்கு முன் பெயர் எழுதுவது எளிது. பெயர் எழுத வருபவர் விடுதி வாசலோடு நின்றுவிடாமல் காலனிக்கு வர வேண்டும். விடுதி உரிமம் புதுப்பிக்கும்போது பணியாளர் பட்டியலையும் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, ஊரை மூடும்படி நிர்வாகமே உத்தரவிடும் நாட்களுக்கு, அந்தப் பதிவேட்டில் உள்ளவர்களுக்கு வாழ்வாதார உதவி தானாகப் போய்ச் சேர வேண்டும். நலவாரியங்களில் பதிவு செய்தவர்களுக்குக் கொரோனா காலத்தில் 1,000 ரூபாய் போய்ச் சேர்ந்தது. தொகை சிறிது, ஆனால், பெயர் இருந்தால் பணம் போகும் என்பதை அது காட்டியது.

மூன்றாவது, பேரிடருக்குப் பின் தூய்மைப் பணிக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புக் கவசம், தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, கூடுதல் கூலி ஆகியவை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்கு இயந்திரம் மட்டும்தான். ஆள் இறங்கினால் விடுதியின் உரிமம் ரத்து என்று இப்போதே அறிவிக்கலாம்.

நான்காவது, பணம். வாகன நிறுத்தம், கட்டணக் கழிப்பறை, கடை ஏலம் என்று கூட்டத்தால் வரும் வருமானத்தில் ஒரு சிறு பங்கை இந்த உழைப்பாளிகளுக்கான அவசர நிதியாக ஒதுக்கலாம். 2024-இல் தமிழக அரசு நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின்படி துறைகள் ஒதுக்கும் நிதியிலும், கடலோரக் காலனிகளின் கூரை வீடுகளைப் புயல் தாங்கும் வீடுகளாக்குவதற்கு முன்னுரிமை கேட்க வேண்டும். நடைபாதைக்குக் கல் பதிக்க நிதி வந்த ஊரில், அந்தக் கல்லைக் கூட்டுபவரின் வீட்டுக்குக் கூரை வராமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இதைக் கேட்பது மீனவர்களுக்கோ விவசாயிகளுக்கோ விடுதிக்காரர்களுக்கோ எதிரான வழக்கு அல்ல. சுனாமியில் அதிக உயிர்களைக் கொடுத்தவர்கள் மீனவர்கள். கஜாவில் தென்னந்தோப்போடு வாழ்வையே இழந்த சிறு விவசாயிகள் பலர். அவர்களுக்குக் கிடைத்ததே குறைவு. நாம் கேட்பது அவர்கள் பங்கிலிருந்து பிடுங்கிக் கொடுப்பதை அல்ல. படிவத்தில் இன்னும் ஒரு வரியை.

இந்த மாவட்டத்தில் டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் கூடுகிறோம். கூலி உயர்வு கேட்டுப் போராடியதற்காக 1968-இல் எரிக்கப்பட்ட 44 பேருக்கு அஞ்சலி செலுத்துகிறோம். மறுநாள் 26-ஆம் தேதி கடற்கரையில் கூடி சுனாமியில் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். இரண்டு நாட்களுக்கும் நடுவே ஓர் இரவுதான். கூலி என்பது உயிருக்குச் சமம் என்று முதல் நாள் சொன்ன மாவட்டம், இழந்த கூலியும் இழப்புதான் என்று இரண்டாம் நாளில் எழுதிக்கொள்ளத் தயங்கக் கூடாது.

அடுத்த புயலின் பெயர் நமக்குத் தெரியாது. அது போன பிறகு விளக்குமாறோடு தெருவில் இறங்கப் போகிறவர்களின் பெயர்கள் தெரியும். அந்தப் பெயர்களை மழைக்கு முன்பே எழுதி வைப்போம்.